மிலிட்டரி சாமானை வைத்துக் கேம்பிங்: முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

கேம்பிங் போகலாம் என்று ஆசை வந்தவுடன் ஆன்லைனில் தேடினால் காற்றடிக்கும் மெத்தை, மெல்லிசான நைலான் கூடாரம், அலுமினியக் கம்பி என்று வரிசையாக வந்து நிற்கும். அதில் பாதி, புல் மெத்தென்று வளர்ந்த ஊர்களுக்கென்று செய்தது. காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில், அதாவது மாடு மேய்க்கிற மேய்ச்சல் காட்டில், விரித்துப் பாருங்கள், ஒரே ஒரு வெள்வேல முள் போதும், விடிவதற்குள் மெத்தை தரையோடு ஒட்டிவிடும். தாராபுரம் பக்கம் சுக்கான் மண்ணில் அலுமினிய முளை இறங்கவே இறங்காது, வளைந்துகொள்ளும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று பல்லடம் வரைக்கும் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முள், கல், காற்று மூன்றையும் தாங்குகிற சாமான்தான் நமக்கு வேண்டும். பட்டாளத்துக்குச் செய்து அப்புறம் டிஸ்போசலில், அதாவது ராணுவம் கழித்துவிடும்போது, வெளியே வருகிற சாமானில் அது கிடைக்கிறது. எடை அதிகம், பார்க்கவும் அழகாக இருக்காது, ஆனால் உழைக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சரக்கில் கண்ணைப் பறிக்கிற எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. கேமோ சட்டை (பட்டாளத்துத் திட்டுத்திட்டு டிசைன் போட்டது), பெரிய கத்தி, விஷவாயு முகமூடி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். தரைவிரிப்பு, கம்பளி, கொசுவலை, மெஸ் டின் (சமைக்கவும் சாப்பிடவும் ஆகிற பட்டாளத்துப் பாத்திரம்), தோள்பை: பணத்தை இந்த ஐந்திலும் போடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால்: எங்கே படுக்கப் போகிறீர்கள்?

காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம், டாப்சிலிப், வால்பாறை பக்கத்துக் காடு ஆனைமலைப் புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது, ஆயுதத்தோடு நுழைவது, காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இறந்தார்களே, அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் 2024இல் தமிழக அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போங்கள்.

கூடாரம் போட்டுப் படுப்பதற்கு உங்கள் தோட்டம், மாமன் மச்சான் தோட்டம், சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கிய கொரங்காடு, இல்லையென்றால் ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை பக்கம் முறையாக நடத்துகிற தனியார் இடம். இதில் ஒரு விஷயம் கவனம். தடாகம், ஆனைகட்டி, தொண்டாமுத்தூர், சிறுமுகை, தாளவாடி மாதிரி காட்டை ஒட்டிய ஊர்களில் தோட்டமே ஆனாலும் வெளியில் படுக்காதீர்கள். வாழைக்கும் மக்காச்சோளத்துக்கும் ராத்திரியில் யானை வருகிற பாதை அது. எந்தக் கேன்வாஸும் அங்கே காப்பாற்றாது.

எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது

ராணுவம் கழிக்கிற சாமான் பெரும்பாலும் எம்எஸ்டிசி மாதிரி அரசு நிறுவனங்கள் நடத்தும் இ-ஏலத்தில் மொத்தமாகப் போகும். அது வியாபாரிகளுக்கானது, டன் கணக்கு. நமக்குச் சில்லறை. கோயம்புத்தூரில் உக்கடம் பக்கத்துப் பழைய சாமான் கடைகள், போலீஸ், என்சிசி உடுப்பு விற்கிற கடைகள் இரண்டையும் சுற்றிப் பாருங்கள். இன்னொரு வழி, ஊரில் பென்ஷன் வாங்குகிற மிலிட்டரிக்காரர் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போவது. அவர் கையில் எடுத்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஏனுங்ணா, இது டிஸ்போசல் சரக்குங்களா, ஆர்மி மாடலுங்களா?" பெரும்பாலும் "மாடல்தானுங்க தம்பி" என்றே பதில் வரும். மாடல் என்றால் அதே பச்சை நிறத்தில் புதிதாகத் தைத்தது. மாடல் என்பதாலேயே மோசம் என்று நினைக்க வேண்டாம், ஆனால் அசல் விலை கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுச் சரக்கு என்று சொன்னால் லேபிளைப் படியுங்கள். நேட்டோ என்கிற மேற்கத்திய ராணுவக் கூட்டணி நாடுகளின் சரக்கு எண்ணுக்கு 13 இலக்கம். முதல் நான்கு பொருளின் வகை, அடுத்த இரண்டு நாடு: 00, 01 என்றால் அமெரிக்கா, 12 ஜெர்மனி, 99 பிரிட்டன். பழைய அமெரிக்கச் சாமானில் 'டிஎஸ்ஏ 100-69' என்கிற மாதிரி ஒப்பந்த எண் இருக்கும், அதில் 69 என்பது 1969. டிஎஸ்ஏ என்பது அமெரிக்க ராணுவத்துக்குச் சாமான் வாங்குகிற நிறுவனம், அது 1977இல் பெயர் மாற்றி டிஎல்ஏ ஆனது, அதனால் லேபிளில் டிஎஸ்ஏ என்று போட்டுவிட்டு 1985 தேதி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

தரைவிரிப்பும் போஞ்சோவும்

இதுதான் உங்கள் முதல் செலவாக இருக்க வேண்டும். ரப்பர் பூசிய தரைவிரிப்பு என்றால் மடிப்பு விழுந்த இடத்தை விரித்துச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பழையதில் மடிப்புக் கோடு நெடுக ரப்பர் வெடித்து, ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெளிச்சம் தெரியும். தெரிந்தால் வேண்டாம். கையில் பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடித்தால் உள்பூச்சு கெட்டுவிட்டது, கழுவினாலும் போகாது.

போஞ்சோ மழைக்கோட்டாகவும் ஆகும், கயிறு கட்டினால் கூரையாகவும் ஆகும், அதனால் நான்கு ஓரத்திலும் இருக்கிற பித்தளைக் கண்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் இழுத்துப் பாருங்கள். கழன்று வருகிற கண் ஒன்று இருந்தாலும் காற்றில் அந்த மூலையிலிருந்துதான் கிழியத் தொடங்கும்.

கூரைக்குக் கயிறு வேண்டும். பாராகார்ட் (பாராசூட் கயிறு) என்று எல்லோரும் விற்கிறார்கள். அசல் 550 கயிறு 550 பவுண்டு, அதாவது சுமார் 250 கிலோ தாங்க வேண்டும், உள்ளே ஏழெட்டு தனித்தனி இழை முறுக்கி இருக்கும். நுனியை வெட்டிப் பிரியுங்கள், உள்ளே பஞ்சு மாதிரி திணித்திருந்தால் அது அலங்காரக் கயிறு. அசலோ போலியோ, இதில் தொங்கி ஏறுவது இறங்குவது கூடவே கூடாது. முளைக்கு ஆடு கட்டுகிற இரும்பு முளைக்குச்சியை விடச் சிறந்தது எந்த கேம்பிங் கடையிலும் இல்லை, வாரச்சந்தையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பளி

பட்டாளத்துக் கம்பளி இரண்டு கிலோ பக்கம் இருக்கும், சுமக்கக் கஷ்டம்தான். ஆனாலும் வெள்ளியங்கிரி ஏழாவது மலைக் குளிரைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆட்டு மயிர்க் கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு கொடுக்கும், நெருப்புப் பொறி பட்டால் நைலான் மாதிரி உருகி உடம்பில் ஒட்டாது. கடையில் இருப்பது கம்பளிதானா, அக்ரிலிக்கா என்று தெரிந்துகொள்ள ஓரத்தில் ஒரு நூலை உருவி, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு கொளுத்துங்கள். கம்பளி முடி கருகுகிற வாடை அடித்து, விரலில் நசுக்கினால் சாம்பலாக உதிரும். அக்ரிலிக் உருகி, ஆறினதும் கெட்டியான மணியாக நிற்கும். சமவெளியில் மாசி முதல் ஐப்பசி வரைக்கும் கம்பளியே வேண்டாம், பவானி ஜமக்காளம் ஒன்றும் சென்னிமலைப் போர்வை ஒன்றும் போதும், இரண்டையும் மிலிட்டரி பையில் வைப்பதில் தப்பில்லை.

கொசுவலை: இதை விட்டுவிடாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் அலட்சியப்படுத்துவது இதைத்தான். கொசுவுக்கு மட்டும் இல்லை. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அதிகம் கடிக்கும், பல சமயம் கடித்ததே தெரியாது, வலியும் வீக்கமும் இருக்காது. விடிந்தால் வயிற்று வலி, இமை தூக்க முடியாமல் சொருகும். வலையை நான்கு பக்கமும் தரைவிரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகிப் படுப்பது அதற்கு உண்மையான பாதுகாப்பு. பட்டாளத்து வலை கிடைத்தால் சரி, கிழிசலாக இருந்தால் விடுங்கள், கரூரில் நெய்கிற புது வலை வாங்கிக்கொள்ளலாம்.

கடி என்று சந்தேகம் வந்தாலே 108, நேராக அரசு மருத்துவமனை, விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாதீர்கள். பழைய மிலிட்டரி முதலுதவிப் பெட்டியில் டூர்னிகெட், அதாவது ரத்தம் நிற்க இறுக்கிக் கட்டுகிற பட்டி, இருக்கும், அதைப் பாம்புக்கடிக்கு எடுக்கவே கூடாது. அந்தப் பெட்டியில் இருக்கிற பழைய கட்டுத்துணி, மருந்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் புதிதாக நிரப்புங்கள்.

பூட்ஸ்

ஒருவர் போட்டுத் தேய்த்த பூட்ஸ் அவர் காலுக்குப் படிந்திருக்கும், உங்கள் காலைப் புண்ணாக்கிவிடும். புதிதாக, போடாமலேயே கிடங்கில் பல வருஷம் கிடந்தது என்றால் வேறு ஆபத்து: பாலியுரித்தேன் அடிப்பாகம் ஈரக்காற்றில் உள்ளுக்குள் இற்றுவிடும். வெளியே பளபளவென்று இருந்துவிட்டு நடக்க ஆரம்பித்ததும் துண்டு துண்டாக உதிரும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள், மாவு மாதிரி கொட்டினால் வேண்டாம். சமவெளிக்கும் கொல்லிமலைக்கும் சாதாரண கேன்வாஸ் ஹண்டர் ஷூவே போதும், லேசு, சீக்கிரம் காயும். வால்பாறைக்கு மழைக்காலத்தில் போனால் தண்ணீர் வடியப் பக்கவாட்டில் ஓட்டை வைத்த பூட்ஸைத் தவிர்த்துவிடுங்கள், ரத்தம் உறிஞ்சுகிற அட்டை அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும். முழங்கால் வரைக்கும் இறுக்கமான நெசவில் தைத்த அட்டை சாக்ஸ் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பை, பாட்டில்

பெரிய ரக்சாக்கை (முதுகுப்பையை) பார்த்ததும் வாங்கத் தோன்றும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் தோன்றும். மொத்தச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: 60 கிலோ ஆள் என்றால் 12 கிலோ, அதில் தண்ணீரே மூன்று நான்கு கிலோ போய்விடும். தோள்பட்டை தைத்திருக்கிற இடத்தில் நூல் இற்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றக் கிழிசலை எல்லாம் செருப்புத் தைக்கிற அண்ணனிடம் கொடுத்தால் தைத்துவிடுவார்.

தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் என்றால் சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி ஒரு ராத்திரி வைத்துக் கழுவுங்கள், வாடை போகவில்லையென்றால் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள். ஜெர்ரி கேனில் ஒரு தடவை பெட்ரோல், டீசல் ஊற்றியிருந்தால் அதில் குடிதண்ணீர் ஒருபோதும் கூடாது, எத்தனை கழுவினாலும். வாய்க்கால், கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்கவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

வாங்கக் கூடாதவை

கேமோ உடுப்பு. சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு ராணுவ உடுப்புப் போடுவது பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி குற்றம், முன்பு இது இபிகோ 140. இந்திய ராணுவத்தின் புதிய டிசைன் 2022 ராணுவ தினத்தில் வெளியானது, அதன் உரிமையையும் ராணுவமே பதிவு செய்திருக்கிறது. உங்களுக்கு அப்படி எண்ணம் இல்லாமல் இருக்கலாம், பண்ணாரி செக்போஸ்ட்டில் அதை நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டாமே. இன்னொன்று, வழி தவறினால் தேடி வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சாதாரணக் காக்கி, பச்சை போதும், பையில் ஆரஞ்சு நிறத் துணி ஒரு முழம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேயனட் (துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி), நீளக் கத்தி. ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருபவை அவை. தோட்டத்தில் விறகு வெட்டக் கொடுவாள், காய் நறுக்கச் சின்னக் கத்தி, அவ்வளவுதான், காப்புக்காட்டுப் பக்கம் போனால் கொடுவாளும் வீட்டிலேயே இருக்கட்டும். சாட்டிலைட் போன் இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருக்கவே கூடாது. இரண்டாம் உலகப் போர்க்கால விஷவாயு முகமூடிகளின் வடிகட்டியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அலமாரி அலங்காரத்துக்குக்கூட வேண்டாம். பழைய காம்பஸில் இருட்டில் ஒளிர்கிற பூச்சு ரேடியமாக இருக்கலாம், பிரித்துப் பார்க்காதீர்கள். புதுக் காம்பஸ் வாங்கினாலும் ராணுவ மாடலில் வட்டம் 360 பாகை இல்லாமல் 6400 மில் என்று பிரித்திருக்கும், பாகையும் சேர்த்துப் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் ராத்திரி: தோட்டத்தில்

எல்லாம் வாங்கியாச்சு. உடனே மலைக்குப் போகாதீர்கள். சாளையிலிருந்து (தோட்டத்து வீட்டிலிருந்து) கூப்பிடு தூரத்தில், தோட்டத்திலேயே ஒரு ராத்திரி படுங்கள், எது உதவாது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வெளிச்சம் இருக்கும்போதே இடம் பாருங்கள். தென்னைக்கு அடியில் கூடாது, மட்டையோ காயோ விழும். கிளுவை வேலியை ஒட்டியும், கல் குவியல், விறகு அடுக்கு பக்கத்திலும் கூடாது, பாம்புக்கு அதுதான் வீடு. பள்ளத்துக்குள்ளும் வேண்டாம், மேலே எங்கேயோ பெய்த மழை ராத்திரியில் பள்ளத்தில் வரும். படுக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் ஆளுயர தூரத்துக்கு முள்ளைக் கூட்டி ஒதுக்குங்கள், தரைவிரிப்பு போடுங்கள்.

இரண்டு மரத்துக்கு நடுவே இடுப்பு உயரத்தில் கயிறு, அதன்மேல் போஞ்சோ. ஒரு பக்கத்தைத் தரை வரைக்கும் இறக்கி முளையடியுங்கள், மறுபக்கம் திறப்பு. இறக்கின பக்கம் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்: வைகாசி முதல் ஆவணி வரைக்கும் காற்று மேற்கே இருந்து வரும், அதனால் மேற்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கும் வடகிழக்குமாக வரும், அப்போது அந்தப் பக்கம். முளையைக் கூரைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடியுங்கள், நேராக அடித்தால் பிடுங்கிக்கொள்ளும். உள்ளே வலையைக் கட்டி, செருகி, டார்ச்சைத் தலைமாட்டில் வையுங்கள். பூட்ஸைத் தலைகீழாகக் குச்சியில் மாட்டிவிடுங்கள், காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் ஏறியிருக்கலாம்.

அடுப்பும் அரிசியும் பருப்பும்

மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து நிற்கும், ஒரு பொறி போதும், பக்கத்துக்காரர் மாட்டுக்கு வைத்திருக்கிற வருஷத் தீவனமே போய்விடும். அந்த மாதங்களில் திறந்த நெருப்பே வேண்டாம், கட்டுச்சோறு கொண்டுபோங்கள். மற்ற நாளில் மடக்கு மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, காற்று வருகிற பக்கம் சின்னதாக வாய் வைத்து, சுற்றிலும் மூன்றடி செதுக்கி மண்ணாக்கிவிட்டு மூட்டுங்கள். மாத்திரை அடுப்பு வைத்திருந்தால் அதில் எரிகிற ஹெக்சமைன் மாத்திரையின் புகை கெட்டது, கூரைக்குள் கொளுத்தாதீர்கள்.

மெஸ் டின் அலுமினியம், ஒன்றுக்குள் ஒன்று போகிற இரண்டு தட்டு. வாங்கும்போது தண்ணீர் ஊற்றிப் பேப்பர் மேல் வைத்து ஒழுகலைப் பாருங்கள். புளிக்குழம்பு, ரசம், மோர் இதில் வைக்காதீர்கள், புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கும். அரிசியும் பருப்பும் சாதத்துக்கென்றே செய்தது போல அமைகிறது இந்த டின். அரை டம்ளர் அரிசி, அதில் கால் பங்கு துவரம்பருப்பு, இரண்டையும் கழுவி அரைமணி நேரம் ஊறவையுங்கள். எண்ணெயில் கடுகு, சீரகம், தட்டின பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்து, மஞ்சள்தூள் போட்டு, அரிசிக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போடுங்கள். தக்காளி சேர்க்க வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். டின் மெல்லிசு, அடி சீக்கிரம் பிடிக்கும், அதனால் முக்கால் பதம் வெந்து தண்ணீர் மேலே தளும்பும்போதே இறக்கிவிடுங்கள். மூடியை அழுத்தி, பழைய பேப்பரை நாலைந்து சுற்று சுற்றி, கம்பளிக்குள் வைத்து மடித்து அரைமணி நேரம் விடுங்கள். மிச்சம் கால் பதம் அந்தச் சூட்டிலேயே வெந்து, பருப்பு மலர்ந்து இருக்கும். நெய் ஒரு கரண்டி ஊற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டதும் டின்னைக் கழுவி, மிச்ச உணவைக் கட்டிச் சாளைக்குள் வைத்துவிடுங்கள், படுக்கிற இடத்தில் வேண்டாம், நாயும் காட்டுப்பன்றியும் வரும். குழியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, உள்ளங்கையை மேலே பிடித்துச் சூடு இல்லை என்று பார்த்தபிறகு மண் தள்ளி மூடுங்கள்.

வந்தபிறகு

வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே பரணில் போடாதீர்கள். கேன்வாஸ் ஈரத்தோடு மடிந்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி வரும், அந்த இடம் பிறகு இற்றுப்போகும். வெயிலில் இரண்டு பக்கமும் காய்ந்தபிறகு சுருட்டி வையுங்கள், ஒரே கோட்டில் மடிக்காதீர்கள். கம்பளியை உதறிக் காயவைத்து, அந்துருண்டை போட்டுத் துணிப்பையில் வையுங்கள். அப்புறம் ஒரு தாளை எடுத்து, அந்த ராத்திரி கையே படாத சாமான் எது எதுவென்று எழுதுங்கள், முதலுதவிப் பெட்டியும் டார்ச்சும் தவிர மற்றதை அடுத்த தடவை பையில் வைக்காதீர்கள்.